32 ரூபாய் 65 காசு லேப்டாப்

கொஞ்ச நாளாக எங்க பேட்டையில் யார் என்னைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான். "விண்டோஸ் 10 நின்னுபோச்சாமே, இனிமே கம்ப்யூட்டர் ஓடாதா?" நான் படிப்பது பி.காம். கம்ப்யூட்டர் சயின்ஸ் பக்கமே போனதில்லை. ஆனால் நொச்சிக்குப்பத்தில் எங்க பிளாக்கில் லேப்டாப்பைத் திருப்பிப் போட்டு ஸ்க்ரூ கழற்றுகிற ஒரே ஆள் நான்தான் என்பதால் இந்தப் பதவி தானாக வந்து சேர்ந்தது. சம்பளம் கிடையாது. சில நாள் நெத்திலி வரும் :-)

ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் மொத்தமாக இங்கே எழுதி வைக்கிறேன். டெக்னிக்கல் மேட்டர் கொஞ்சம் வரும், பயப்படாதீங்க. கணக்கும் கொஞ்சம் வரும், அதுக்கும் பயப்படாதீங்க.

முதலில் செய்தி. விண்டோஸ் 10 வெளிவந்தது 2015 ஜூலையில். 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு அதற்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. ஆதரவு என்றால் மாசாமாசம் வரும் பாதுகாப்புத் திருத்தங்கள். அது நின்றால் மறுநாள் காலையில் கம்ப்யூட்டர் ஆன் ஆகாது என்று அர்த்தம் இல்லை. ஆன் ஆகும், ஓடும், பாட்டுப் பாடும். புதுசாக ஒரு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அடைக்க ஆள் வராது, அவ்வளவுதான். வீட்டு உபயோகக்காரர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை ஒரு வருஷ நீட்டிப்பு என்றும் சொன்னார்கள்.

"சரி, 11 போட்டுட்டா போச்சு" என்பீங்க. அங்கேதான் சிக்கல். 2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11, வாசலிலேயே ஆளை நிறுத்தி டிக்கெட் கேட்கிறது. 4 ஜி.பி. ரேம், 64 ஜி.பி. இடம், இதெல்லாம் பரவாயில்லை. அதற்கு மேல் செக்யூர் பூட் வேண்டும், டி.பி.எம். 2.0 வேண்டும், பிராசசர் அவர்கள் பட்டியலில் இருக்க வேண்டும். டி.பி.எம். என்பது கம்ப்யூட்டருக்குள் ரகசியச் சாவிகளைப் பூட்டி வைக்கிற ஒரு சின்னப் பெட்டி மாதிரி. பிராசசர் பட்டியல் இன்டெல்லில் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையில், அதாவது 2017-க்குப் பிறகு வந்ததில், ஆரம்பிக்கிறது. அதற்கு முன்னால் வாங்கினது எவ்வளவு நல்லா ஓடினாலும் வெளியே நில்.

இந்தக் கணக்கில் நொச்சிக்குப்பம், நொச்சி நகர், டுமிங் குப்பம் எல்லாம் சேர்த்து முக்கால்வாசி லேப்டாப் வெளியேதான் நிற்கும். ஏன் என்றால் எங்க பக்கம் இருக்கிற லேப்டாப் பெரும்பாலும் கடையில் வாங்கினது கிடையாது. 2011 செப்டம்பர் 15-ல் ஜெயலலிதா ஆரம்பித்து வைத்த விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வந்தது. எல்காட் மொத்தமாக டெண்டர் விட்டு வாங்கியது. கொரோனா காலத்தோடு அது நின்றுபோவதற்குள் 50 லட்சத்துக்கும் மேல் கொடுத்திருக்கிறார்கள். உலகத்தில் எந்த ஊரிலாவது மீன் கூடைக்கும் துணி மூட்டைக்கும் நடுவில் இத்தனை லேப்டாப் பரணில் கிடக்குமா தெரியாது, எங்க ஊரில் கிடக்கிறது. 2025-26 பட்ஜெட்டில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்குப் புதுசு தருவதாக அறிவித்தார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் புதுசு வந்தாலும் பரணில் இருக்கிற பழசு அங்கேதானே இருக்கும்? நான் பேசுவது அதைப் பற்றி.

எங்க வீட்டு லேப்டாப் அக்காவுடையது. 2013-ல் பிளஸ் டூ படிக்கும்போது வந்தது. மூடியில் அரசு முத்திரை. உள்ளே இன்டெல் பென்டியம், 2 ஜி.பி. ரேம், 320 ஜி.பி. ஹார்ட் டிஸ்க். ஆன் செய்தால் விண்டோஸா பாஸ் லினக்ஸா என்று கேட்கும். பாஸ் என்பது சி-டாக் நிறுவனம் நம்ம சென்னையில் உருவாக்கிய இந்திய லினக்ஸ். எங்க தெருவில் அதை யாரும் திறந்து பார்த்ததாக ஞாபகம் இல்லை, பாவம். 2016-ல் இலவசமாக ஏற்றிக்கொள்ளலாம் என்று சொன்னபோது அக்கா விண்டோஸ் 10-க்கு மாற்றினாள். அன்றிலிருந்து அது ஆன் ஆவதற்குள் உலை கொதித்து அரிசி போட்டுவிடலாம். கல்யாணமாகி அவள் எண்ணூர் போனபோது "நீயே வச்சிக்கோ" என்று பெருந்தன்மையாக விட்டுப்போனாள்.

இப்போ காமர்ஸ் மூளையைக் கொஞ்சம் உபயோகிக்கிறேன். கம்பெனிச் சட்டம் 2013-ன் இரண்டாம் அட்டவணைப்படி லேப்டாப்பின் பயனுள்ள ஆயுள் 3 வருஷம். சர்வருக்குக்கூட 6 கொடுத்திருக்கிறார்கள். வருமான வரி விதிப்படி கம்ப்யூட்டருக்கு வருஷத்துக்கு 40 சதவீதம் தேய்மானம், குறைந்துசெல் மதிப்பு முறையில். அக்கா லேப்டாப்பின் அடக்கவிலை 15,000 என்று வைத்துக்கொண்டு ஒரு நாள் வகுப்பில் போர் அடித்தபோது நோட்டில் போட்டுப் பார்த்தேன். முதல் வருஷக் கடைசியில் 9,000. அடுத்து 5,400. அடுத்து 3,240. இப்படியே பன்னிரண்டு வருஷம் இறங்கினால் கடைசியில் நிற்பது 32 ரூபாய் 65 காசு. ஒரு டீ, ஒரு வடை. இந்த முறையில் மதிப்பு எவ்வளவு குறைந்தாலும் பூஜ்யத்தைத் தொடாது. பாடம் நடத்தும்போது சார் இதைச் சொன்னால் தூக்கம் வரும், சொந்த லேப்டாப்பில் போட்டுப் பார்த்தால் விழித்துக்கொள்வீங்க. (விலையில்லா மடிக்கணினிக்கு அடக்கவிலையே பூஜ்யம்தானே, தேய்மானம் எங்கிருந்து வந்தது என்று கேட்கிற காமர்ஸ் நண்பர்கள் தயவுசெய்து மன்னிக்கவும்.)

ஆக அந்த லேப்டாப்புக்கு மூன்று வயசு. சட்டப்படி 3 வருஷத்தில் செத்துப்போச்சு. மைக்ரோசாஃப்ட் கணக்கில் 2025 அக்டோபரில் செத்துப்போச்சு. எங்க வீட்டில் அது இன்னும் உயிரோடு இருக்க வேண்டிய கட்டாயம்.

கட்டாயம் என்ன என்று சொல்ல எங்கம்மாவைப் பற்றிச் சொல்லணும். அம்மா மீன் விற்கிறாள். முன்னே லூப் ரோட்டு ஓரத்தில், 2024 ஆகஸ்டில் திறந்த பிறகு மீன் அங்காடிக்குள். அவள் இருக்கிற மகளிர் சுய உதவிக் குழுவில் 12 பேர். அம்மாதான் பணம் வரவு செலவு பார்ப்பவள், அதாவது கணக்கு நான் எழுதுகிறேன். சேமிப்பு, உள்கடன், வட்டி, பேங்க் கடன் தவணை எல்லாம். முன்னே காசு கைக்குக் கை மாறும், நோட்டில் எழுதினால் போதும். இப்போ அங்காடியில் பாதி வியாபாரம் க்யூ.ஆர். கோடில் வருகிறது. பேங்க் ஸ்டேட்மெண்ட்டை எடுத்து, யார் எவ்வளவு போட்டார்கள் என்று ஒட்டிப் பார்க்காமல் மாதக் கூட்டத்தில் உட்கார முடியாது. போனில் செய்து பார்த்தேன், கண் வலிதான் மிச்சம். கல்லூரியில் டேலி பிராக்டிகல் வேறு. லேப்டாப் இல்லாமல் ஆகாது.

புதுசு வாங்கலாமே? சுமாரானது 35,000. வீட்டில் அந்தப் பணம் கிடையாது. குழுவில் உள்கடன் எடுத்தால் நூற்றுக்கு 2 ரூபாய் மாத வட்டி, முதல் மாச வட்டி மட்டும் 700. வெளியே கந்துக்குக் கொடுப்பவர்களிடம் போனால் அந்த வட்டியை இங்கே எழுதாமல் இருப்பதே நல்லது. விண்டோஸில் ஒரு தேதி மாறியதற்காக எங்கம்மா கடன் வாங்குவதா என்பதுதான் எனக்கு முன்னால் இருந்த கேள்வி. அந்தக் கோணத்தில் பார்க்காவிட்டால் இந்தப் பழைய மிஷினோடு மாரடிப்பது வெறும் ஹாபி மாதிரித் தெரியும்.

ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். மவுண்ட் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று சந்து சந்தாக எலக்ட்ரானிக்ஸ் கடைகள், தெரிந்திருக்கும். முதல் கடையில் லேப்டாப்பைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது முடிஞ்சிபோச்சும்மா. 11 ஏறாது. எக்சேஞ்சுக்கு 1,500 தரேன், செகண்ட் ஹேண்ட் ஒண்ணு எடுத்துக்கோ" என்றார். 32 ரூபாய் 65 காசுப் பொருளுக்கு 1,500 என்றால் லாபம்தான், நியாயமாகப் பார்த்தால் வாங்கிக்கொண்டு ஓடியிருக்கணும் :-) நான் வேறு கடையில் 240 ஜி.பி. எஸ்.எஸ்.டி. ஒன்றும், பழைய 4 ஜி.பி. டி.டி.ஆர்.3 ரேம் ஒன்றும் வாங்கினேன். 1,700-ம் 650-ம், ஆகமொத்தம் 2,350 ரூபாய்.

சாயங்காலம் நடு வீட்டில் செய்தித்தாள் விரித்து லேப்டாப்பைப் பிரித்தேன். உப்புக் காற்றில் பன்னிரண்டு வருஷம் இருந்த மிஷினைப் பிரிப்பது தனி அனுபவம். ஸ்க்ரூ தலையெல்லாம் துரு. ஒரு யு.எஸ்.பி. ஓட்டைக்குள் பச்சை பூத்திருந்தது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னாடி, இத்த தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கணும்னு கடைக்காரன் சொன்னானா?" என்றாள். ஆமாம் என்றேன். "நல்லா கீதே. இன்ஜின் போச்சின்னா உங்கப்பா இன்ஜினத்தானே மாத்துறாரு? போட்டயா கொளுத்துறாரு?"

எனக்கு இதைவிட நன்றாகச் சொல்லத் தெரியாது. எங்க கரையில் பைபர் போட்டின் உடம்பு ஒரு வயசு, பின்னால் மாட்டுகிற இன்ஜின் ஒரு வயசு, வலை ஒரு வயசு. எது போச்சோ அதை மாற்றுவார்கள். லேப்டாப்பும் அப்படித்தான். பழைய மிஷின் மெதுவாக இருப்பதற்கு முக்காலே மூணு வீசம் காரணம் சுற்றுகிற ஹார்ட் டிஸ்க். எஸ்.எஸ்.டி. மாட்டியதும் அது வேறு மிஷின் ஆகிவிட்டது. பேட்டரி மட்டும் செத்துப் பல வருஷம் ஆச்சு, பிளக்கிலேயேதான் வாழ்க்கை.

இனி விண்டோஸ் 11. பட்டியலில் இல்லாத மிஷினில் இதைப் போட ஆரம்பத்தில் மைக்ரோசாஃப்டே தன் உதவிப் பக்கத்தில் ஒரு ரெஜிஸ்ட்ரி வழி சொல்லியிருந்தது, "பரிந்துரைக்கவில்லை" என்ற எச்சரிக்கையோடு. பிறகு அதை எடுத்துவிட்டார்கள். இப்போ எல்லாரும் செய்வது ரூஃபஸ் என்ற சின்ன இலவச மென்பொருளை வைத்து. மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே ஐ.எஸ்.ஓ. ஃபைலை இறக்கிக்கொள்ளணும் (வேறு எங்கிருந்தும் வேண்டாம், சொல்லிட்டேன்). ரூஃபஸில் அதைக் காட்டி பென் டிரைவைத் தயார் செய்யும்போது ஒரு பெட்டி வரும். ரேம், செக்யூர் பூட், டி.பி.எம். சோதனைகளை எடுத்துவிடவா என்று கேட்கும். டிக் அடித்தால் வாசலில் நிற்கிற காவலாளியை வீட்டுக்கு அனுப்பிவிட்ட மாதிரி. எங்களுடையது பழைய பயாஸ் என்பதால் பார்ட்டிஷன் முறையை எம்.பி.ஆர். என்று மாற்றிக்கொண்டேன். பிறகு பென் டிரைவிலிருந்து பூட் செய்து, வழக்கம் போல அடுத்து, அடுத்து, அடுத்து.

முக்கால் மணி நேரத்தில் ஏறிவிட்டது. வை-ஃபை மட்டும் வேலை செய்யவில்லை. டிரைவர் இல்லை. டிரைவர் இறக்க நெட் வேண்டும், நெட்டுக்கு டிரைவர் வேண்டும். போனை யு.எஸ்.பி. கேபிளில் மாட்டி டெதரிங் போட்டதும் அது தானாகவே தேடி எடுத்துக்கொண்டது. அக்கா 2016-ல் முறையாக 10-க்கு மாற்றியிருந்ததால் லைசென்ஸ் பிரச்னையும் வரவில்லை. இதைக் குறிப்பாகச் சொல்லக் காரணம், 300 ரூபாய்க்கு எந்த விண்டோஸும் போட்டுத் தருகிற கடைகள் எல்லாப் பேட்டையிலும் இருக்கின்றன. அவர்கள் போடுவது பெரும்பாலும் பூட்டு உடைத்த விண்டோஸ், உள்ளே கூட யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரியாது. பட்டியலில் இல்லாத பிராசசரைவிட அதற்குத்தான் நான் பயப்படுவேன்.

சரி, ஏறியது. ஓடியதா? ஓடியது. டேலி பிரைம் திறக்கிறது. கல்விப் பதிப்பு இலவசம், ஆனால் மாதத்தின் சில தேதிகளில் மட்டும்தான் வவுச்சர் போட விடும். 1, 2, 31. உலகத்தில் உள்ள வியாபாரமெல்லாம் ஒன்றாம் தேதி நடக்கிற அதிசயக் கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதிக் கொண்டிருக்கிறோம் நாங்கள். படிக்க அது போதும். பிரவுசரில் ஐந்தாறு பக்கம் திறந்தால் இரண்டு கோர் பிராசசர் மூச்சு வாங்கும். அப்டேட் வருகிற நாளில் ஃபேன் சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்.

இத்தோடு நிறுத்தினால் இது "செய்வது எப்படி" பதிவு ஆகிவிடும். எனக்கு இதற்கு அப்புறம்தான் யோசனை ஆரம்பித்தது.

இந்த லேப்டாப்பில் இருப்பது என் டேலி ஹோம்வொர்க் மட்டும் இல்லை. 12 பெண்களின் ஆதார் நகல், பாஸ்புக் முதல் பக்கப் போட்டோ, யார் எவ்வளவு கடன், யார் எத்தனை மாசம் பாக்கி என்கிற விவரம். இதில் பாதி அவர்கள் வீட்டுக்காரருக்கே தெரியாதது! ஆதரவு இல்லாத மிஷினில் 11 ஓடுவது எப்படி என்றால், மாதாந்தர அப்டேட் இப்போதைக்கு வருகிறது, ஆனால் "இந்த மிஷினுக்கு வந்தே தீரும் என்று உத்தரவாதம் கிடையாது" என்று மைக்ரோசாஃப்ட் எழுத்திலேயே சொல்லியிருக்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவை வரும் புதுப் பதிப்பு தானாக வராது, திரும்ப பென் டிரைவ், திரும்ப டிக். என் ஹோம்வொர்க்குக்கு அந்த ரிஸ்க் எடுக்கலாம். அந்தப் பன்னிரண்டு பேரும் என்னை நம்பிக் கொடுத்த காகிதங்களுக்கு எடுக்க நான் யார்?

இந்த இடத்தில்தான் எங்க தெருவில் எல்லாரும் குழப்பிக்கொள்கிறார்கள். பழைய மிஷின் என்பது ஒன்று, பழைய சிஸ்டம் என்பது வேறொன்று. மிஷின் பழசாக இருப்பதால் யாரும் பணத்தைத் திருடிவிட மாட்டார்கள். அதில் ஓடுகிற சிஸ்டத்தை யாராவது கவனித்துக்கொண்டிருக்கிறார்களா என்பதுதான் விஷயம். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியில் நிறுத்திவிட்டார்கள், 8.1-க்கு 2023 ஜனவரியில். இன்னும் அதில் நெட் பேங்கிங் செய்கிறவர்களை எனக்குத் தெரியும். மிஷினைப் பார்த்து "நல்லா தானே ஓடுது" என்கிறார்கள். மிஷின் நல்லாதான் ஓடுகிறது, பிரச்னை அங்கே இல்லையே.

லினக்ஸ் என்றால் சாகா வரம் என்று நினைக்கிற கூட்டம் ஒன்று உண்டு, அவர்களுக்கும் ஒரு வார்த்தை. அக்கா லேப்டாப்பின் பழைய டிஸ்க்கில் இருந்த பாஸ் லினக்ஸை ஆசையாகத் திறந்து பார்த்தேன். 2013-ல் கொடுத்தபடியே இருந்தது, ஒரு அப்டேட்டும் பார்த்ததில்லை. அதில் இருந்த பிரவுசர் பேங்க் தளத்தைத் திறக்கவே மறுத்துவிட்டது. பாஸ் புதுப் பதிப்புகள் வந்துகொண்டுதான் இருந்தன, பரணில் கிடந்த லேப்டாப்புக்கு வந்து சேரவில்லை. எந்த சிஸ்டமாக இருந்தாலும் போட்டுவிட்டு மறந்தால் இதே கதைதான்.

கடைசியில் நான் செய்தது இது. எஸ்.எஸ்.டி.யில் 100 ஜி.பி. விண்டோஸ் 11-க்கு, டேலிக்கு மட்டும். டேலிக்கு லினக்ஸ் பதிப்பு இருந்திருந்தால் இதுவும் வேண்டாம். மீதி இடத்தில் லினக்ஸ் மின்ட், எக்ஸ்.எஃப்.சி.இ. என்ற லேசான பதிப்பு. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை பாதுகாப்புத் திருத்தம் உண்டு. 2011 தலைமுறைப் பிராசசரைப் பார்த்து அது மூஞ்சி சுளிக்கவில்லை, டி.பி.எம். கேட்கவில்லை. இன்ஸ்டால் செய்யும்போதே ஹோம் ஃபோல்டரைப் பூட்டி வைக்கவா என்று கேட்கும், ஆமாம் என்றேன். குழுவின் காகிதங்கள், கணக்கு, பேங்க் வேலை எல்லாம் மின்ட் பக்கம். எக்செல்லுக்குப் பதில் லிப்ரே ஆஃபீஸ். தமிழ்99 விசைப்பலகையும் கிடைத்தது, அதில்தான் இதை அடிக்கிறேன். (இ-கலப்பை காலத்து அண்ணன்மார் சிரிக்க வேண்டாம், நான் அப்போ பால்வாடி.)

குழுக் கூட்டத்தில் முதல் தடவை லேப்டாப்பைத் திறந்தபோது ஒரு பெரியம்மா, "இன்னா பாப்பா, கலரே மாறிப்போச்சு, புச்சா வாங்கினியா?" என்றார். பழசுதான் பெரிம்மா, உள்ளே மட்டும் புதுசு என்றேன். "அப்ப இந்த மாசம் வட்டி சரியா வருமா?" வந்தது. அவருக்கு அது போதும். விண்டோஸா மின்ட்டா என்று அவர் ஏன் கவலைப்படணும்?

அதற்கப்புறம் வரிசையாக வந்தன. பக்கத்து பிளாக் அண்ணனுடைய 2012 லேப்டாப் ஏ.எம்.டி. பிராசசர். ரூஃபஸில் எல்லா டிக்கும் அடித்தும் விண்டோஸ் 11 ஏறவில்லை. 2024-ல் வந்த 24எச்2 பதிப்பிலிருந்து எஸ்.எஸ்.இ. 4.2 என்ற கட்டளைத் தொகுப்பு பிராசசருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பிராசசருக்கு அந்தப் பாஷையே தெரியாது. டி.பி.எம். சோதனை காவலாளி மாதிரி, அனுப்பிவிடலாம். இது வீட்டில் படிக்கட்டே இல்லாத மாதிரி. மேலே வா என்றால் எப்படி வரும்? மின்ட் போட்டுக் கொடுத்தேன், அவர் பையன் அதில் யூடியூபில் கணக்குப் பாடம் பார்க்கிறான்.

இன்னொரு வீட்டில் ஒரு குட்டி நெட்புக், ஆட்டம் பிராசசர், 1 ஜி.பி. ரேம், 32-பிட். அந்த அக்கா நகை அடகு வைத்து எப்போதோ வாங்கியது. இரண்டு நாள் பார்த்தேன். ஏதோ ஒரு லினக்ஸ் ஏறும், ஏறி என்ன செய்ய? பேங்க் பக்கம் ஒன்று திறந்தால் அத்தோடு உறைந்துவிடுகிறது. "அக்கா, இதுக்கு மேல செலவு பண்ணாதீங்க" என்று திருப்பிக் கொடுத்தேன். பழசை எல்லாம் காப்பாற்றலாம் என்று சொல்கிறவர்களோடு எனக்கு அங்கே சண்டை. 2,350 ரூபாயில் நிற்குமென்றால் செய்யலாம். 6,000 போய், அப்புறமும் ஆடுமென்றால் அது வட்டிக்கு வாங்கிக் குப்பையில் கொட்டுவது.

இது நம்ம குப்பத்துப் பிரச்னை மட்டும் கிடையாது. 2023 டிசம்பரில் கனாலிஸ் என்ற ஆய்வு நிறுவனம் விண்டோஸ் 10 நின்றால் ஏறக்குறைய 24 கோடி கம்ப்யூட்டர்கள் குப்பைக்குப் போகலாம் என்று கணித்தது. ஆப்பிள் வைத்திருக்கும் பணக்காரர்களுக்கும் இதே தலைவலி. ஆப்பிள் கைவிட்ட பழைய மேக்குகளில் புது மேக் ஓ.எஸ். போட ஓப்பன்கோர் லெகசி பேட்சர் என்று ஒன்றை ஆர்வலர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். இன்டெல் மேக்குகளுக்கு மேக் ஓ.எஸ். 26-தான் கடைசி என்று 2025 ஜூனில் ஆப்பிள் சொல்லிவிட்டது, ஆக அந்தக் கதவும் சாத்தப்படுகிறது. கம்பெனிகள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. பாதுகாப்பு ஹார்டுவேரிலேயே இருப்பது நல்லதுதான், இருபது வருஷத்துப் பிராசசரை எல்லாம் தூக்கிச் சுமக்க முடியாதுதான். ஆனால் 2016-ல் விற்ற மிஷினுக்கு 2025-ல் கதவைச் சாத்தும்போது, அதை வாங்கியவர் தவணை கட்டி முடித்து எத்தனை வருஷம் ஆகிறது என்று அவர்கள் புத்தகத்தில் ஒரு காலம் இருக்காது. எங்க புத்தகத்தில் இருக்கும்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒன்று இருந்தால் நான் கேட்பது இவ்வளவுதான். முதலில் பிராசசர் பெயரைப் பாருங்கள், ரேம் ஸ்லாட் ஒன்று காலியா பாருங்கள். பழைய டிஸ்க்கில் கல்யாண போட்டோ, பழைய ரெசியூமே ஏதாவது இருந்தால் காப்பி எடுத்துவிட்டு ஆரம்பியுங்கள். மின்ட்டை பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம், டிஸ்க்கைத் தொடாது. வை-ஃபை, சவுண்ட், கேமரா மூன்றும் வேலை செய்கிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். டேலி மாதிரி விண்டோஸில் மட்டும் ஓடுகிற ஒன்று கட்டாயம் வேண்டும் என்றால் மட்டும் 11 பக்கம் போங்கள்.

எதிர் பிளாக்கிலிருந்து நேற்று ஒன்று வந்திருக்கிறது, 2014 மாடல். ஆன் ஆகிறது, ஆனால் ஒரு பக்கத்து ஹிஞ்ச் துருப்பிடித்து உடைந்து மூடி தொங்குகிறது. அப்பா பார்த்துவிட்டு, போட்டுக்கு அடிக்கிற பைபர் பிசின் கொஞ்சம் மிச்சம் இருக்கு, ஒட்டித் தரவா என்று கேட்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஒட்டிப் பார்க்கப் போகிறோம்.